ஜீப் ஸ்பிரிங் தொட்டில்

ஏலப்பாறை எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் பூமாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலையில் கூடையோடு தேயிலைக் கொளுந்து கிள்ளப் போயே ஆகவேண்டும். கைக்குழந்தை ஜீவிதாவோ தொட்டிலில் போட்டதும் வீறிடுகிறாள். தோளில் போட்டுக் குலுக்கிக்கொண்டே நடந்தால்தான் கண் மூடுவாள். பக்கத்து வீட்டு இருதயம்மாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தாள், ஒரு நிபந்தனையோடு.

“ஏட்டி, தொட்டிலுல தூங்குனா நாளெல்லாம் ஆட்டுதேன். தோளுல மட்டும் போடச் சொல்லாத. முப்பத்தஞ்சு வருசம் கொளுந்து சுமந்த தோளு இது.”

அந்தத் தொட்டிலில் குறை இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பூமாரியின் புருஷன் அருள்குமார் ஜீப் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவன். கடையில் விற்கும் தொட்டில் ஸ்பிரிங் சீக்கிரம் தொய்ந்துவிடும் என்று, பழைய ஜீப்பில் கழற்றிய கெட்டி ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து விட்டத்தில் மாட்டினான். பெயர் வைத்த அன்று, வழக்கப்படி முதலில் அம்மிக்குழவியைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டினார்கள். ஜம்மென்று துள்ளியது. “யானைக்குட்டியே தூங்கும்,” என்று அவன் மீசையைத் தடவிக்கொண்டான்.

தூங்க வேண்டியது யானைக்குட்டி இல்லையே. குறைமாதத்தில் பிறந்தவள், மூன்று மாதமாகியும் மூன்று கிலோ தாண்டவில்லை. அவளைப் போட்டால் ஸ்பிரிங் அசையாது. சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் நகம் நுழைய இடமிருக்காது.

சனிக்கிழமை முழுக்கப் பூமாரி அடுப்புக்கும் தொட்டிலுக்குமாக நடந்தாள். ஞாயிறு மதியம் ஈரத்துணி மாற்றக் குனிந்தவள், அசதியில் தொட்டில் விளிம்பில் கையை அழுத்தி ஊன்றினாள். மேலே சுருள்கள் விலகின. இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. தொட்டில் மெல்ல ஏறி இறங்கியது. ஜீவிதா அழுகையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

கையை எடுத்தாள். அழுகை. திரும்ப ஊன்றினாள். அமைதி.

அன்றைக்குக் குழவி இருந்ததால்தானே துள்ளியது! சட்டென்று போய்க் குழவியைத் தூக்கிவந்தாள். சாக்கில் இறுகக் கட்டி, ஸ்பிரிங்கின் கீழ்க்கொக்கியில் தனிக் கயிறு போட்டு, தொட்டிலுக்கு அடியில் தொங்கவிட்டாள். ஒரு தட்டுத் தட்டினாள். மேலும் கீழும் போய்வந்தது தொட்டில். பத்தாவது ஆட்டத்தில் குழந்தை தூங்கிப்போனாள்.

சாயங்காலம் அருள்குமார் அம்மியருகே தேங்காயோடு நின்றான். “ஏ புள்ள, குழவிய எங்க?”

“ஒங்க மகளோட தூங்குது. சத்தம் போடாதிய.”

எட்டிப் பார்த்தவன் முகம் சுருங்கியது. “நாளைக்கு நோஞ்சான் ஸ்பிரிங் ஒண்ணு வாங்கியாரேன்.”

“ஒண்ணும் வேண்டாம். அவ எடை கூடக்கூட கல்லக் குறைச்சுக்கிடுதேன். அது வரைக்கும் தேங்காயக் கடிச்சுத் தின்னுங்க.”

திங்கட்கிழமை மலைச்சரிவில் பூமாரியின் விரல் கொளுந்திலும் காது லயத்திலுமாக இருந்தன. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. அழுகை எதுவும் வரவில்லை. அப்போதும் மனம் ஆறாமல், சாயங்காலம் ஓட்டமாக இறங்கிவந்து கதவைத் தள்ளினாள்.

தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் இருதயம்மாள். ஜீவிதாவோ அவளையும் மிஞ்சிய தூக்கத்தில் இருந்தாள்.