கூடை ஏற்றிவிட்ட பட்டாளத்துப் பிள்ளை

மீன் கூடையைத் தலையில் ஏற்ற இன்னொருத்தர் கை வேணும். கண்டவங்க கையை நான் நம்பமாட்டேன். லீவில் ராயபுரம் வந்தால் எங்க தெருப் பட்டாளத்துப் பிள்ளைதான் ஏற்றிவிடும். ஒட்ட வெட்டின முடி, வெயிலில் கறுத்த மூக்கு. "உக்காந்துச்சா பெரிம்மா?" என்று கேட்டு, நான் சொன்ன பிறகுதான் கையை எடுக்கும்.

"சட்டையெல்லாம் மீன் தண்ணி. உன்ன எவ கட்டுவா நைனா?" என்றேன் ஒருநாள்.

"மீன் வாசனை புடிச்சவளா நீயே பாத்து வெய்யி பெரிம்மா, வந்து கட்டிக்கறேன்."

அந்தப் பிள்ளை எல்லைச் சண்டையில் செத்து, கொடி போர்த்தின பெட்டியில் வந்தது. மாதா கோயில் வாசலில் சிப்பாய்கள் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினபோது நானும் அடியில் கை கொடுத்தேன்.

"பொம்பளைங்க தள்ளும்மா" என்றார் ஒருத்தர்.

நான் தள்ளிப் போகவில்லை. முன்னால் நின்ற சிப்பாயிடம், "உக்காந்துச்சா நைனா?" என்று கேட்டேன்.

"உக்காந்துச்சும்மா" என்றான்.

அப்புறம்தான் கையை எடுத்தேன்.