சுறா எண்ணெய் பூசிய ஜூனிபர்

கிழிந்த வலை பொத்துவது என் தொழில். கம்பி கட்டிக் குட்டை மரம் வளைப்பது என் பைத்தியம். யாரும் பழக்கவில்லை. பழைய சஞ்சிகை ஒன்றில் படம் பார்த்துப் பிடித்தது. எங்கள் ஊர் பேசாலையில் என்னை "மரத்தின்ர கழுத்தைத் திருகிறவன்" என்பார்கள்.

போர் முடிந்து, மீள்குடியேற்றத்தில் புத்தளம் அகதி முகாமிலிருந்து அடுத்த ஊருக்குத் திரும்பிய முஸ்லிம் அக்கா ஒருவர், ராத்தா என்போம், ஒருநாள் தேடி வந்தார். முகாமில் இருந்த காலம் முழுக்கத் தகரப் பேணியில் வளர்த்த ஜூனிபர் மரம் அவரிடம் இருந்தது. லொறியில் வந்த வெயிலில் பாதி பட்டுப்போய்விட்டது. அவர் வளவுக்குப் போய்ப் பார்த்தேன்; மிஞ்சியது ஒரே ஒரு பச்சைக் கொப்பு. அதுவும் நெட்டையாக நின்று காற்றில் ஆடியது.

"கச்சான் காத்து வந்தா முறிச்சுப் போடும் தம்பி. பணிய வளைச்சுத் தாங்கோ."

அவருடைய கணவர் தகரக் கொட்டிலுக்குள்ளிருந்தே சொன்னார்: "புது வீடு கட்டப்போற வளவில பட்ட மரமோ? எறிஞ்சுபோட்டு வேற வேலையைப் பாருங்கோ."

"உங்களையும்தான் பாதி பட்டுப்போன பிறகும் வச்சிருக்கிறன்" என்றார் ராத்தா.

பட்ட பக்கத்தை வெட்டவில்லை. பட்டையை உரித்து, வெறுங்கட்டையாக நிற்க விட்டேன். பச்சைக் கொப்புக்கு ஈரச்சாக்கு சுற்றி, மேலே செப்புக்கம்பி ஓட்டி, மெல்ல மெல்ல அந்தக் கட்டையோடு அணைத்தேன். கடைசி விரற்கடையில் கொப்பு 'டக்' என்று வெடித்தது.

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டார். நான் வலை நூலால் வெடிப்பை இறுக்கிக் கட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். வள்ளம் உக்காமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுகிற ஊர்க்காரன் அல்லவா! கட்டைக்கும் ஒரு பூச்சுப் பூசிவிட்டு, பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். மரத்தைச் சுற்றி ஊர்ப் பூனையெல்லாம். நக்கிய நக்கில் பேணி ஆடியது. பட்ட மரம் வேண்டாமென்ற மனிதர்தான் விளக்குமாறோடு காவல் நின்றார்.

"மரம் வளைக்க வந்தனீங்களோ, கருவாடு போட வந்தனீங்களோ?"

சாம்பல் போட்டு, பழைய பற்தூரிகையால் எண்ணெயைத் தேய்த்துக் கழுவினேன். வெடிப்புப் பக்கம் கையே போகவில்லை, பயம்.

பல கிழமை கழித்துப் போனபோது, கட்டுக்கு அப்பால் கொப்பின் நுனியில் இளம்பச்சை முளை விட்டிருந்தது. கம்பியைக் கொஞ்சம் திருத்தலாமென்று குனிந்தேன்.

ராத்தா பேணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ தம்பி. இனி இதில கைவைக்க வேண்டாம்."