மிஸிஸ் பெல்லின் பிஸ்டலில் விழுந்த கோடு

சனிக்கிழமை காலை மிஸிஸ் பெல் கடைக்குள் வந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடியில் கறுப்பு எண்ணெய்ப் புள்ளிகள் இருந்தன. துடைத்தால் சாட்சி போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே வந்திருந்தார். கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, இதைப் புதியது என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று முதலாளி ஆர்தரைக் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அது எண்பதுகளின் கடைசி. தென் லண்டனில் துவக்கு, அதாவது துப்பாக்கி விற்கிற ஒரு கடையின் பின்னால் இருந்த பட்டறையில் நான் பிட்டர், கழற்றித் துடைத்துப் பூட்டுகிறவன். யாழ்ப்பாணத்தில் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு இங்கே கிடைத்த வேலை துவக்குத் துடைப்பது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சனம் சிரிக்கும். ஊருக்கு எழுதிய கடிதங்களில் நான் ‘மெஷின் பட்டறை’ என்று மட்டும் எழுதினேன்.

அப்போது கிளப்பில் சேர்ந்து, பொலிஸ் அனுமதி எடுத்தவர்கள் பிஸ்டல் வைத்து இலக்குச் சுடலாம். மிஸிஸ் பெல் ஒரு பல் டொக்டர். சின்னக் கை என்பதால் காம்பாக்ட் என்கிற கட்டைப் பிஸ்டல் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு சங்கடம் உண்டு. பரலுக்கு, அதாவது குழலுக்கு மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு அதில் கட்டை. அதனால் ஸ்பிரிங்கை இறுக்கமாகப் போட்டிருப்பார்கள். புதிதில் எல்லாம் இறுகிப் பிடிக்கும். முதல் சில நூறு வெடியில் இரும்போடு இரும்பு உரசித் தேய்ந்த பிறகுதான் வழிக்கு வரும். உரசிய இடத்தில் கறுப்புப் பூச்சுப் போய் வெள்ளிக் கோடு விழும். அது பழுது அல்ல.

ஆனால் மிஸிஸ் பெல் சுட்டது ஒரேயொரு பெட்டி, ஐம்பது வெடி. அதில் நாலு தரம் ஸ்லைடு முழுதாக மூடாமல் பாதியில் நின்றுவிட்டது. எண்ணெய் முகத்தில் தெறித்தது. கழற்றிப் பார்த்தால் பரலின் மேலே பளபளவென்று ஒரு கோடு, கீழே ஸ்லைடு வழுக்கி ஓடுகிற ரெயில் இரண்டிலும் கோடு. ஐம்பது வெடிக்கு இவ்வளவு தேயாது, யாரோ பாவித்ததை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கிளப்பில் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று ஆர்தர் அவரை அனுப்பினார். பிறகு முன்கதவைப் பூட்டிவிட்டு வந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை எங்கட தமிழில் எழுதுகிறேன்.

“உண்மையைச் சொல்லும். நீர் பின்னறையில இதை வைச்சு வெடி வைச்சனீரோ?”

பின்னறையில் மணல் பெட்டி ஒன்று இருந்தது. திருத்திய துவக்கை அதற்குள் சுட்டுப் பார்ப்பார்கள். சுட அனுமதி உள்ளவர் ஆர்தர் மட்டும். மத்தியானம் அவர் சாப்பிடப் போகும்போது சாவி என்னிடம் இருக்கும். இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை விழுங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கயிறு இழுத்த கை

ஊரில் நான் வேலை பழகியது தண்ணீர் இறைக்கும் மெஷின் திருத்துகிற கடையில். மெஷினை ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டால் இறுகிப்போய் இருக்கும். அதை அப்படியே தோட்டக்காரரிடம் கொடுக்கமாட்டோம். பிளக்கைக் கழற்றி, உள்ளே தாராளமாக எண்ணெய் விட்டு, கயிறு சுற்றி நூறு இருநூறு தரம் கையால் இழுத்துப் பிடிப்பு விட்ட பிறகுதான் கொடுப்போம். கேட்டு யாரும் செய்வதில்லை. செய்யாவிட்டால்தான் பேச்சு விழும். கடல் காற்று இரும்பைத் தின்கிற ஊர் என்பதால் எண்ணெயையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவோம்.

மிஸிஸ் பெல்லின் பிஸ்டல் பாக்கிங் கிரீஸோடு வந்தபோது என் கை அதைத்தான் செய்தது. அதற்குக் காசு கட்டக் கடைக்கு வந்த அன்று அவரால் ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பாவமாக இருந்தது. அடுத்தடுத்த மூன்று மத்தியானம் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, வெறும் பிஸ்டலின் ஸ்லைடை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன். முந்நூறு தரமாவது இருக்கும். பிறகு சொட்டச் சொட்ட எண்ணெய் விட்டுப் பெட்டியில் வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. நல்ல வேலை செய்தேன் என்று எனக்குள் ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருந்த தோர்ண்டன் ஹீத் அறையில் தேவண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னோடு அறையில் இருந்தவர், பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. வெங்காயம் வெட்டியபடியே கேட்டார்.

“நீ வாயைத் திறவாதை. சாமான் வரேக்கயே அப்பிடித்தான் வந்தது எண்டு சொல்லு. உன்ர அகதிக் கேஸ் குரோய்டன் குடிவரவு ஒபிசில கிடக்குது. துவக்கு, பொலிஸ் எண்டு ஒரு வரி பைலில ஏறினால் பிறகு ஆராலயும் ஒண்டும் செய்யேலாது.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. கடையில் வேலை செய்கிறவன் என்று என் பெயர் ஏற்கனவே பொலிசிடம் இருந்தது. அனுமதியில்லாமல் சுட்டான் என்று ஆனால் ஆர்தரின் லைசென்ஸ் போகும், நான் எங்கே போவேன்? ஆனால் வரும்போதே அப்படித்தான் வந்தது என்றால் பழி கடை மேல் விழும். கேஸ் முடியாத என்னை நம்பிச் சாவி தந்த மனிசன் அவர். அன்றைக்குத் தேவண்ணையின் கறி எனக்கு இறங்கவில்லை.

முந்நூறு தரம்

திங்கட்கிழமை மிஸிஸ் பெல் வந்து உட்கார்ந்ததும், ஆர்தர் வாய் திறக்க முன்னமே நான் சொல்லிவிட்டேன். என் ஆங்கிலம் அன்றைக்குப் பார்த்து நொண்டியடித்தது. கயிறு, தண்ணீர் மெஷின் எல்லாம் சொல்லி விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. 

கையால் இழுத்தே இவ்வளவு கோடு விழுமா என்று மிஸிஸ் பெல் ஆர்தரைக் கேட்டார். ஆர்தர் எழுந்து போய், முந்தின வாரம் வந்த அதே ரகப் பிஸ்டல் ஒன்றை அலுமாரியில் இருந்து எடுத்தார். நான் இன்னும் தொடாதது. கழற்றி இருவருக்கும் காட்டினார். எங்கும் ஒரே கறுப்பு. கிரீஸைத் துடைத்துத் திரும்பப் பூட்டி, தோட்டா இல்லை என்று பார்த்து என்னிடம் நீட்டினார்.

“இழுத்துக் காட்டும். மிஸிஸ் பெல் எண்ணுவா.”

இழுத்தேன். அவர் எண்ணினார், பல் எண்ணுகிற மாதிரி நிதானமாக. நூறில் ஆர்தர் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.  இந்தப் பிஸ்டலின் பூச்சு கொஞ்சம் தடிப்பாக இருந்தால் என் கதை முடிந்தது. இருநூறில் விரல் தோல் உரிந்தது. நிறுத்துங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. முந்நூறில் ஆர்தர் வாங்கிக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பரலின் மேலே வெள்ளிக் கோடு. ரெயில் இரண்டிலும் கோடு. அதே இடம், அதே நீளம். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்துகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பிறகு எண்ணெய்க் கதை. இலக்குச் சுடுகிற குளிர் ரேஞ்சில் எண்ணெய் கூடிப்போனால் வெடிமருந்துக் கரியோடு சேர்ந்து களியாகி ஸ்லைடைப் பிடிக்கும், மிச்சம் முகத்தில் அடிக்கும். ரெயிலுக்கு ஒவ்வொரு சொட்டு, பரலுக்கு விரலால் ஒரு பூச்சு, அவ்வளவுதான் என்று ஆர்தர் என் முன்னாலேயே செய்து காட்டினார். நாலு தரம் நின்றதற்குக் காரணம் என் தாராள மனம்தான்.

ஏன் செய்தீர்கள் என்று மிஸிஸ் பெல் கேட்டார். உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்கட மனம் எனக்கு விளங்குது. ஆனால் அது என்ர துவக்கு. அதைப் பழக்கிறது என்ர வேலை. என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

 நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், இன்னொருவருடைய பொருளின் முதல் தேய்மானத்தை நான் எடுத்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. புதிதாக வேறு பிஸ்டல் தருகிறேன் என்றார் ஆர்தர். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போனார். போகுமுன் ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்: ‘ஸ்லைடு முந்நூறு தரம் கையால் இழுக்கப்பட்டது. கேளாமல் செய்தது.’ கீழே என் கையெழுத்து.

அதன் பிறகு என் கையால் போன ஒவ்வொரு பெட்டியிலும், என்ன செய்தேன் என்ன செய்யவில்லை என்று ஒரு துண்டு வைத்தேன். இப்போது பட்டறைகளில் சேருகிற பிள்ளைகள் இதைப் பேப்பர் வேலை என்று சலிப்பார்கள். சலித்துக்கொண்டாவது எழுதுங்கள். குரோய்டனுக்குக் கடிதம் தேவைப்பட்டபோது ஆர்தர் ஒரு பக்கம் எழுதித் தந்தார். தன் பிழையைத் தானே வந்து சொல்கிற தொழிலாளி என்று அதில் ஒரு வரி இருந்தது. விசா கிடைத்த அன்று தேவண்ணை அந்தக் கடிதத்தின் பிரதியை இரண்டு தரம் படித்தார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சட்டம் மாறியது. பிஸ்டல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பொலிசில் ஒப்படைக்க வேண்டும், அங்கே அதை உருக்கிவிடுவார்கள் என்றார்கள். ஒரு காலை மிஸிஸ் பெல் அதே பெட்டியோடு வந்தார். தலை நரைத்திருந்தது. ஊத்தையாகக் கொண்டுபோய்க் கொடுக்க மனமில்லை, துடைத்துத் தருவீர்களா என்றார். பெட்டியின் மூடியில் என் பழைய துண்டு மஞ்சளாகி ஒட்டியிருந்தது.

கழற்றிப் பார்த்தேன். அன்றைய கோடு அகன்று, வழுவழுவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதற்கு மேல் தேயவில்லை. ஸ்லைடு ஒரு விரலால் இழுத்தாலே ஓடியது. நன்றாகப் பழக்கியிருந்தார். துடைத்து முடித்து எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன், பிறகு மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“எண்ணெய் விடட்டோ?”

உருக்கப் போகிற சாமானுக்கு எண்ணெய் எதற்கு என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் பிஸ்டலை என் பக்கம் தள்ளினார்.

“விடுங்கோ. ரெயிலுக்கு ஒவ்வொரு சொட்டு.”

இரண்டு சொட்டு விட்டேன்.