சந்தனம் பூசிய பிளாப்பி

கம்ப்யூட்டர் வேலை என்றால் குளுகுளு அறையில் உட்கார்ந்து விரலை ஆட்டுகிற வேலை என்று சொல்கிறவர்களை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருக்கிறது எனக்கு. எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஆபரேட்டர். எங்கள் மிஷினுக்குள் எதையும் சேமிக்க இடம் கிடையாது. அடிப்பதெல்லாம் பிளாப்பி என்கிற மெல்லிசான சதுரத் தகட்டில்தான் இருக்கும். விசைத்தறிக்காரர் சங்கம் ஒன்று சர்க்காரிடம் வீட்டுமனை கேட்டு மனுக் கொடுக்க, உறுப்பினர் பட்டியலை அடிக்கிற வேலை எங்களுக்கு வந்தது. சரஸ்வதி பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று திருநெல்வேலியில் கொடுத்தாக வேண்டும். தவறினால் மனை இல்லை. பட்டியலில் எங்க அக்கா பேரும் இருந்தது. வாடகை வீட்டில் தறிக்கும் தொட்டிலுக்கும் நடுவில் படுக்கிறவள் அவள். என் வயிற்றெரிச்சல் இதே தொழிலில் கிடந்து சீரழிகிற உங்களுக்காவது புரியும்.

தேய்ந்து போகுமாம்

பத்து வரி அடித்தால் ஒரு தரம் 'சேவ்' பண்ணிவிட வேண்டும். கரண்ட் என்ன சொல்லிக்கொண்டா போகிறது? ஆனால் சேவ் பண்ணும்போது பிளாப்பியைச் செருகுகிற டிரைவ் கறகறவென்று சத்தம் போடும். அதைக் கேட்டால் முதலாளி அண்ணாச்சிக்குத் தாங்காது. ஒருநாள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, எல்லாம் அடித்துவிட்டு மொத்தமாகப் பண்ணு என்று கையைத் தடுத்துவிட்டார். அறுபது பேர் அடித்திருப்பேன். தெருவில் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றது. கரண்ட் போச்சு, அறுபது பேரும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாச்சி விசிறியைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"போனது பேருதானம்மா, திரும்ப அடிச்சிக்கிடலாம். பிளாப்பி தேயாம இருக்குல்லா."

தலைவர் எங்கே?

பெயர்களை அகரவரிசையில் அடுக்க ஒரே ஒரு கட்டளை போதும். கையால் செய்தால் ரெண்டு நாள் ஆகும். ஆபீஸில் தேட வசதியாக இருக்குமே என்று அடுக்கிக் கொடுத்தேன். பாராட்டுவார் என்று பார்த்தால், பக்கத்தைப் புரட்டப் புரட்டச் சங்கச் செயலாளருக்கு முகம் கறுத்துக்கொண்டே போனது. தலைவர் பெயர் வேலுச்சாமி. அது கடைசிப் பக்கத்தில் கிடந்தது. முதலில் தலைவர், அப்புறம் செயலாளர், பொருளாளர், அதற்குப் பிறகுதான் ஊர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி நட வைத்தார். ஒரு பகல் முழுக்கப் பாழ். போகும்போது இப்படி ஒரு வார்த்தை வேறு:

"எந்திரம்னாலும் சபை மரியாதை தெரிய வேண்டாமாம்மா? எங்க தலைவர் இத்தனை பேருக்குப் பின்னால வாசப்படியிலயா நிப்பாரு?"

எதுக்கு ரெண்டு?

எந்த வேலையையும் ரெண்டு பிளாப்பியில் வைக்க வேண்டும். ரெண்டாவது வேறு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றியது. கடைசியில் என் காசில் ஒரு பிளாப்பி வாங்கி, பட்டியலைக் காப்பி எடுத்து, வீட்டில் பீரோவில் சேலை மடிப்புக்குள் வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஒரே கணக்கை ரெண்டு எடத்துல எழுதி வைக்கதுக்கு நாம என்னம்மா திருட்டு வேலையா பாக்கோம்?"

பூஜை

சரஸ்வதி பூஜை அன்று மிஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். பட்டியல் பிளாப்பிக்குத் தாம்பாளத்தில் தனி இடம். நான் வீட்டுக்குப் போன பிறகு அண்ணாச்சி தன் கையாலேயே அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார். எங்கே தெரியுமா? பிளாப்பியின் உறையில் டிரைவ் படிப்பதற்கென்று ஒரு திறப்பு இருக்குமே, சரியாக அதில்! அவ்வளவு பெரிய உறையில் அந்தப் புண்ணியவானுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

விஜயதசமி காலையில் செயலாளர் வந்து உட்கார்ந்துவிட்டார், பிரிண்ட் வாங்கிக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போக. பிளாப்பியைப் போட்டேன். டிரைவ் இழுஇழு என்று இழுத்துவிட்டுப் படிக்க முடியவில்லை என்றது. வெளியே எடுத்தால் விரலெல்லாம் சந்தனம். மூணு வார வேலை. அக்கா முகம் கண்ணுக்குள் வந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், முதலாளி என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து டிரைவைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சேலை மடிப்பிலிருந்த பிளாப்பி நான் வைத்தபடியே இருந்தது. அதைப் போட்டதும் பட்டியல் ஒரு பேர் குறையாமல் வந்தது. அக்கா பேரை மட்டும் ரெண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். பிரிண்ட் எடுத்த கற்றையைத் தூக்கிச் செயலாளர் கையில் கொடுத்துக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்:

"பாத்தியளா, முறைப்படி பூஜை போட்டதுனாலதான் பட்டியல் தப்பிச்சிது."

அக்காவுக்கு மனை கிடைத்தது, அதில் வீடு கட்டிப் பால்காய்ப்பு நடத்திய அன்று மாலை மரியாதையெல்லாம் அண்ணாச்சிக்கு நடந்தது, எனக்குக் கிடைத்தது அடுத்த வருஷம் பூஜைக்கு முந்தின நாளே அத்தனை பிளாப்பியையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற புத்தி மட்டும்தான்.