எனக்காக அடித்த தப்பு

விவாத மேடையில் நடுவர் மணியடித்த பின்னர் நான் ஒரு சொல்லும் மிகையாகப் பேசியதில்லை. அதற்கு முன்னர் ஒரு சொல்லிலும் தடுமாறியதில்லை. அத்தகைய என்னை, பாட்டே இல்லாத இசைத்தொகுப்பு ஒன்றுக்கு நண்பர்கள் அழைத்தது மைக் வயர்களைச் சுமப்பதற்கு.

ஜாஸும் ராக்கும் கலந்த ஏழு உருப்படிகள். இலங்கை மலையகத்து ஹாலிஎலவுக்கு மேலே, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில், முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடியில் பதிவு. அந்த எதிரொலி பதுளையின் எந்த அறையிலும் கிடைக்காது என்பது கிட்டார் வாசித்தவனின் வாதம். அவன் அத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். இறுதி உருப்படியில் என் குரலும் இடம்பெற வேண்டுமென்று மூன்று வாரம் அவனிடம் வாதாடியிருந்தேன்.

"கடைசி டேக் சுத்தமா வரட்டும். அப்புறம் பேசு" என்றான்.

பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் சன்னல்களை அடைத்துவிட்டது. டிரம்ஸ் வாசிப்பவன் அந்த உருப்படிக்காகத் தப்பு என்னும் பறையைக் கையிலெடுத்தான். அவன் அடித்தது, தோட்டத்துக்கு ஒரு மரணத்தை அறிவிக்கும் சாவு அடி. கிட்டார் வாசித்தவனுக்கு அது தெரியும். நான்கு சுவருக்குள் இசைதானே என்று இருந்துவிட்டான். சுவர்த் தகரங்களில் பாதி கழன்றிருந்ததை எவரும் எண்ணவில்லை.

படிக்கட்டில் காலடிகள் கேட்டன. தப்பு நின்றது. ஏறி வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். ஈரம் சொட்ட நின்றார்கள். அடி கேட்டதும் மலையில் வேலையைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடி, வீடு வீடாகத் தலை எண்ணியிருக்கிறார்கள்.

முன்னால் நின்ற பெண் கேட்டார்: "எல்லா வீட்டுலயும் ஆளு சரியா இருக்கு. அப்ப யாருக்கு அடிச்சீங்க?"

நண்பர்கள் என்னைப் பார்த்தார்கள். அணியின் மீதான குற்றச்சாட்டை ஏற்கும் தலைவனைப்போல, "எனக்காகத்தான் அடித்தார்கள்" என்றேன். மேடை வழக்கப்படி என் பெயரையும், தகப்பனார் பெயரையும், ஊரையும் சொன்னேன். பழியை ஏற்பதாகவே நினைத்தேன்; அவர்கள் காதில் அது சாவு அறிவிப்பாக விழும் என்று தோன்றவில்லை.

எவரும் ஏசவில்லை. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். அந்தப் பெண் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சின்ன வயசு" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். படியில் யாரோ விம்மினார்.

பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. போட்டுக் கேட்டோம். அந்த எதிரொலி முழுவதையும் வாங்கிக்கொண்டு என் பெயர் ஒலித்தது. எந்த மேடையிலும் என் குரல் அத்தனை கம்பீரமாக எழுந்ததில்லை.

"இதவிட நல்ல டேக் வராதுடா. நீ கேட்டதுதானே, வச்சுக்குவோம்" என்றான் கிட்டார்காரன்.

இன்னொரு முறை போடச் சொன்னேன். ஊர்ப்பெயர் முடிந்த இடத்தில் அந்த விம்மல் தொடங்கியது. அழித்துவிடச் சொன்னேன், அவன் தயங்கியபோது நானே பொத்தானை அழுத்தினேன்.

தொகுப்பு ஆறு உருப்படிகளோடு வெளிவந்தது. கிட்டார்காரன் தன் தோட்டத்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் விசாரிக்கிறாராம்: "அந்தத் தம்பிய என்னைக்கு எடுத்து அடக்கம் பண்ணினாங்க?"

நான் உயிரோடு இருப்பதாக அவன் சொல்கிறான். தம் மனத்தை ஆற்றுவதற்காக அவன் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்து, அவர் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாராம்.