பின்விளக்கைப் பார்த்துச் சொன்னவள்

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் புருஷன், அதாவது மாமாவின் வேனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கென்று தனியாக ஒரு கதையை அந்த மனுஷன் விட்டுவைக்கவில்லை.

மாமா சொந்த வேனில் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்குபவர். வண்டி விஷயத்தில் மகா கறார். காலையில் கிளம்பும் முன் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, கையில் சோப்பு நுரை இருந்தாலும் சரி, அக்கா போட்டது போட்டபடி ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் நின்று எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம். வேறு எதற்கும் அவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்று காலையும் எரிகிறது என்றுதான் சொன்னாள். மத்தியானம் மாமா ஒரு சந்துக்குள் திரும்பும்போது, பின்னால் வந்த பால்காரரின் பைக் வேனில் மோதியது. பால்காரருக்கு ஒரு கால் போய்விட்டது. இன்டிகேட்டர் போட்டேன், டிக் டிக் என்று காதால் கேட்டேன் என்று மாமா சத்தியம் செய்தார். விளக்கு எரியவே இல்லை என்று பால்காரரும் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களும் சொன்னார்கள். மாமா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பின்னால் நின்றவள் பார்க்காமலே சொல்லிவிட்டாள்.

போலீசில் சொன்னார். சொந்தக்காரர்களிடம் சொன்னார். கல்யாண வீடு, சாவு வீடு என்று நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் சொன்னார். அக்காவிடம் நேரே பேசுவதை நிறுத்தினார். அவள் பக்கத்திலேயே நிற்கும்போது மகளைக் கூப்பிட்டு, உங்கம்மாவிடம் தண்ணீர் கேள் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எகிறினால் அக்காதான் என் வாயை அடைப்பாள். முதலில் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னவள், பிறகு பார்த்த மாதிரிதான் இருக்கிறது என்றாள். ஒருநாள் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது, "ஆமா, பார்க்கலை. துணி பிழிஞ்சுக்கிட்டே சொல்லிட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தாள், பாவம். பால்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டாள். அவர் மனைவி முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

போன மாதம் வேன் கம்பெனியிலிருந்து மாமாவின் போனுக்குச் செய்தி வந்தது. அந்த மாடல் வண்டிகளில் இன்டிகேட்டர் பாகத்தில் குறை இருக்கிறது, கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. சர்வீஸ் சென்டர் என் ஆபீஸ் போகும் வழி என்பதால் நானும் வேனில் இருந்தேன். காலையில் எரியுமா எரியாதா என்று மாமா மெக்கானிக்கைத் துருவித் துருவிக் கேட்டார்.

"காலையில ஜோரா எரியும் சார். வண்டி ஓடிச் சூடானதும் உள்ள தகடு விட்டுடும். சத்தம் மட்டும் வரும், பின்னாடி லைட் வராது."

பாகத்தை மாற்றி, காபி கொடுத்து, சர்வீஸுக்கு அஞ்சு ஸ்டார் போடச் சொன்னார்கள். மாமா போட்டார்.

சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்கே போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் முன்னால் மாமா வந்து நின்றார். மெக்கானிக் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தார். பிறகு, "உன் மேல தப்பில்லை. நீ பார்த்துதான் சொல்லியிருக்கே" என்றார். வரம் கொடுப்பது போல நின்ற அந்தத் தோரணைக்கே நாலு கேள்வி கேட்டிருப்பேன். அக்கா பேசட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. கிண்டலாகவும் சொல்லவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குப் பார்க்காத மாதிரிதாங்க ஞாபகம் இருக்கு. நான் பார்த்தேனா இல்லையான்னு அதையும் அந்தக் கம்பெனியிலயே கேட்டுட்டு வந்து சொல்லிடுங்க."