பின் ஸ்பிரிங்குக்குள் ரப்பர்

என் பழைய ஸ்போர்ட்ஸ் ஹாட்ச்பேக் கார், வளைவில் சாலையைக் கவ்வித் திரும்பும் என்பதற்காகவே வாங்கியது. பின் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றச் சொல்லி கிருமாம்பாக்கம் மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன்.

இன்று எடுத்து வரும்போது, பாகூர் ஏரி வளைவில் பின்பக்கம் துள்ளி வழுக்கியது. கார் கரும்புக் கொல்லையைப் பார்த்து நின்றது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். பின் ஸ்பிரிங் இரண்டிலும் தடித்த ரப்பர் கட்டைகள்; பாரம் ஏற்றாத வண்டிக்கு ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. என்னைக் கேட்காமலே மெக்கானிக் செருகியிருக்கிறார்.

திரும்பிப் போய்க் கத்தினேன்.

"இன்னா தம்பி, நெல்லு மூட்டை ஏத்துனா பின்னாடி தொங்கக் கூடாது இல்ல? இங்க எல்லாருக்கும் போடுறதுதான்."

"நான் எந்த மூட்டையும் ஏத்தறதில்லண்ணா. செத்திருப்பேன்."

"வண்டி மேல தப்பு இல்ல. உனக்கு ஓட்டத் தெரியல."

"அப்ப நீயே பின்னாடி ஏறுண்ணா."

ஏறினார். ஆள் இரண்டு மூட்டை இருப்பார்.

அதே வளைவு, அதே வேகம். அவர் எடைக்குப் பின்பக்கம் துள்ளவே இல்லை.

"பாத்தியா?" என்றார். ரப்பரைக் கழற்ற மாட்டாராம்.

வில்லியனூர் பக்கம் வேறு மெக்கானிக் தெரிந்தால் சொல்லுங்கள். ஒல்லியானவராக இருந்தால் நல்லது.